முதல் பெட்டியில் ஒரு தூக்கம்

அலெக்சாந்திரியாவில் மூன்று நாளாக மழை. டிராமின் கண்ணாடிகளில் மூச்சு படிந்து, வெளியே தெருவா கடலா என்றே தெரியவில்லை. அதனால் கண்டக்டர் வஜ்தி ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். பதினெட்டு வருடத்தில் ஓர் ஆணைக்கூட அவர் அதில் விட்டதில்லை.

மஸாரீத்தாவில் ஒருவன் ஏறினான். நனைந்த கோட்டுக்குள் நாலு வயதுப் பெண்குழந்தை, அவன் தோளில் வாய் பிளந்து தூங்கியது.

"லேடீஸ் பெட்டி, தம்பி. பின்னால போங்க."

"அங்க கால் வைக்க இடமில்லண்ணே. ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றோம். ரெண்டு நாளா கண்ணே மூடல, இப்பத்தான் தூங்குறா. சீதி காபர் வரைக்கும்தான்."

காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த இன்ஸாஃப் அம்மாள், "விடுப்பா வஜ்தி. எங்களை என்ன தின்னுடவா போறான்?" என்றாள்.

"இன்னிக்கு விட்டா, நாளைக்கு ஒருத்தன் பொம்மையைத் தூக்கிட்டு வந்து நிப்பாம்மா."

பெண்கள் சிரித்தார்கள். வஜ்தி கதவோரம் இருந்த தன் சின்ன இருக்கையைக் காட்டினார். "இது லேடீஸ் சீட் இல்ல, என் சீட். வாசலைப் பார்த்து உட்காருங்க."

ஷாத்பி வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தவர், குழந்தையின் இமை துடிப்பதைக் கண்டு குரலை விழுங்கினார். வரிசை வரிசையாகக் குனிந்து, "ஷாத்பி... ஷாத்பி..." என்று காதோரம் சொல்லிப் போனார். பெண்களின் பேச்சும் மெல்ல அடங்கியது. கூரையில் மழை, கீழே சக்கரங்கள். பெட்டி தண்ணீருக்கடியில் மிதந்து போவதுபோல் இருந்தது. தினமும் தொண்டை கிழியக் கத்தும் பெயர்கள் இத்தனை மெதுவானவை என்று அவருக்கு இதுவரை தெரியாது.

இன்ஸாஃப் அம்மாளும் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்துக் கண்ணாடியைத் துடைத்தபோது அவள் இறங்க வேண்டிய இப்ராஹிமியா தாண்டிப் போயிருந்தது.

"என் ஸ்டாப்பு எங்கப்பா?" திட்டையும் அவள் ரகசியக் குரலிலேயே ஆரம்பித்தாள்.

"சொன்னேனேம்மா."

"சொன்னியா? கொசுகூட இதைவிடச் சத்தமாப் பேசும். இங்கயே நிறுத்தச் சொல்லு."

"நடுவுல நிறுத்தக் கூடாதும்மா."

"ஓ! எனக்கு மட்டும்தான் சட்டமா?"

வஜ்திக்குச் சுருக்கென்றது. அடுத்த நிறுத்தமான ஸ்போர்ட்டிங் வந்ததும் டிரைவரிடம் 'ஒரு நிமிஷம்' என்று விரலைக் காட்டிவிட்டு, அவள் பையைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினார். வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பதும் சட்டம்தான். அவளோடு தண்டவாளத்தைத் தாண்டி, திரும்பிப் போகும் டிராம் நிற்கும் எதிர் மேடையில் பையை வைத்தார்.

"தப்பு என்னுதுதாம்மா."

"ஆமா, உன்னுதுதான்," என்றாள் அவள். பிறகு அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டாள். "ஓடு, நனையாத. பிள்ளை முழிச்சுக்கப் போகுது."

குழந்தை விழிக்கவில்லை. சீதி காபரில் தகப்பன் எழுந்து, நன்றியாக நெஞ்சில் கை வைத்துவிட்டு இறங்கினான். மழைக்குள் இருவரும் கரைந்தார்கள்.

வஜ்தி தன் இருக்கையில் உட்கார்ந்தார். அது இன்னும் சூடாக இருந்தது.