தினேஸின் வயது

மழை பாதையை அறுத்துப் போட்டிருந்ததால், பெரகல சந்தியில் ஏறிய ஓட்டோ தேயிலைத் தோட்டத்துக்குக் கீழேயே நின்றுவிட்டது. மீதி மேட்டை நடந்தே ஏறி வந்தார் அறுபதைத் தொட்ட சோலாஞ் மர்த்தெல். வந்தவர் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவின் சிமெந்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட, இரவல் வாங்கி வைத்த நாற்காலியைத் தயானி சுவரோரமாகத் தள்ளினாள்.

தயானியின் தம்பி தினேஸுக்காகப் பாரிஸில் வாதாடப் போகும் சட்டத்தரணி அவர். போன வருடம் பங்குனியில் அங்கே ஓர் உணவகச் சமையலறையில் சண்டை வந்து, தினேஸ் வீசிய கத்தியில் ஒருவன் செத்துப்போனான்.

மொழிபெயர்க்க வந்த பண்டாரவளை றில்வான், கூட்டிவரக் கீழே போன தயானியிடம் மேடு ஏறும்போதே அவரைப் பற்றி எல்லாம் சொல்லியிருந்தார். தபால்காரரின் மகளாம். முப்பத்தொரு வருடமாகக் கொலை வழக்குகள்தானாம். ஊரே காறித் துப்பிய ஒருவனுக்கு முதல் வழக்கில் கைகொடுத்ததற்காக, சொந்த அண்ணன் ஐந்து வருடம் பேசவில்லையாம். கட்சிக்காரன் வளர்ந்த வீட்டைப் பார்க்காமல் நீதிமன்றத்தில் வாய் திறக்க மாட்டாராம்.

தம்பி செய்யவில்லை என்று சொல்வீர்களா என்றுதான் தயானி முதலில் கேட்டாள்.

"செஞ்சது அவன்தானாம், தங்கச்சி," என்றார் றில்வான் தயங்கி. "பொய் சொல்ல மாட்டாங்களாம். ஆனா கடைசி வரைக்கும் பக்கத்துல நிப்பாங்களாம்."

செய்தவன் என்று தெரிந்துமா இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்? தயானி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா விஜயலெட்சுமிக்குத் திகதிகள் வராது. கேட்டதற்கெல்லாம் தோட்டத்தில் நடந்ததை வைத்தே பதில் சொன்னாள். "மீரியபெத்தயில மண்ணு சரிஞ்ச வருசம் அவனுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்திருச்சு. பொக்கவாயோட நின்னான்."

சோலாஞ்சின் பேனா நின்றது. அந்த மண்சரிவு 2014இல் என்றார் றில்வான்; கடவுச்சீட்டின்படி அந்த வருடம் தினேஸுக்கு ஒன்பது வயது, முன்பல் விழுவதோ ஆறேழில். அவர் மெதுவாக ஒன்று கேட்டார்: இவனுக்கு முன்னால் பிறந்த பிள்ளை எங்கே?

அந்தக் கதையை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. முதல் தினேஸ் எட்டு மாதத்தில் காய்ச்சலில் போனான். சாவைப் பதியவில்லை. அடுத்தவன் பிறப்பையும் பதியாமல், அவனுக்கு அதே பெயரை வைத்து, பள்ளியில் சேர்க்க அதே பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தார்கள். லயத்தில் வேறு சிலரும் செய்ததுதான். வெளியே தெரிந்தால் அம்மா உள்ளே போகவேண்டும் என்று தம்பியைப் பாரிஸுக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன்தான் பயமுறுத்தி வைத்திருந்தான்.

அம்மாவுக்கு ஞாபகம் பிசகுகிறது என்று சமாளித்தாள் தயானி. சோலாஞ் மறுக்கவில்லை. கொலை நடந்த அன்றைக்கு அவனுக்குப் பதினெட்டு நிறையவில்லையென்றால் வேறு நீதிமன்றம், தண்டனையும் பெரும்பாலும் பாதிக்கு மேல் போகாது என்று மட்டும் சொன்னார்.

"அம்மாவப் புடிச்சுக்கிட்டுப் போவாங்களா, நானா?" என்று றில்வானை அண்ணன் முறை சொல்லிக் கேட்டாள் தயானி.

"இந்த நாட்டுச் சட்டம் தெரியாதாம். 'நான் உங்க தம்பிக்கு மட்டுந்தான் லோயர், உங்க அம்மாவுக்கு இல்ல. அத மறந்துறாதீங்க'ங்கிறாங்க."

 கையெழுத்து வாங்க இந்தக் காம்பராவுக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். யாரும் இப்படி எச்சரித்ததில்லை.

"சின்னவனுக்குப் பெரியவன் காகிதத்தக் குடுத்தது நான்தான்," என்றாள் விஜயலெட்சுமி. "எழுதிக்கச் சொல்லுங்க."

சோலாஞ் எழுதினார். எழுதியதை றில்வான் தமிழில் வாசித்துக் காட்டினார். உள்ளூர் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுவிட்டு நாளைக்குக் கையொப்பமிடலாம் என்றார் சோலாஞ். விஜயலெட்சுமி நாளை வரை பொறுக்கவில்லை. அவள் எழுத்துக் கூட்டிக் கையெழுத்து வைத்து முடித்ததும் தயானி பேனாவை வாங்கினாள். சாட்சிக்கென்று விட்டிருந்த இடத்தில் தன் முழுப் பெயரையும் எழுதினாள்.