ரோஜாவின் கூலி

மலையிலிருந்து ஜீப்பு இறங்கி எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் மாயக்காள் மட்டும் போகவில்லை. ஏலக்காய் மண்டியின் மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் அறைக்கு வந்து, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். காய் எடுத்து எடுத்து விரல்நுனிகள் கறுத்திருந்தன. மத்தியானம் மலையில் கங்காணி கணக்கு வாசித்தபோது இந்த வாரம் அவளுக்கு இரண்டு நாள்தான் வேலை என்று வந்ததாம். திங்கள் முதல் வெள்ளிவரை ஒரு நாள் விடாமல் ஏறி இறங்கியவள் அவள்.

உள்ளே முத்துப்பிரியா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எஸ்டேட்டின் கூலிக் கணக்குப் போடுகிற புரோகிராமைப் பார்த்துக்கொள்வது அவள்தான். எழுதியவன் வேலையை விட்டுப் போய்விட்டான். எங்கே கோளாறு என்று, கங்காணி போன் செய்த மத்தியானத்திலிருந்து தேடியும் பிடிபடவில்லை. நாளைக்குச் சம்பள நாள். கம்ப்யூட்டர் சொல்வதுதான் கணக்கு என்று முதலாளி சத்தியநேசன் முடிவாகச் சொல்லியிருந்தார்.

இன்டர்நெட்டில் கேட்டால் உதவ ஆட்கள் உண்டு. ஆனால் உள்ளதை உள்ளபடி போட முடியாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே சத்தியநேசன் சிரித்த முகத்தோடு எச்சரித்திருந்தார்.

"ஆளுக பேரும் கூலியும் இந்த ரூமைத் தாண்டக் கூடாதும்மா. தாண்டுச்சுன்னா நீயும் தாண்டிரு."

அதனால் பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு ரோஜா, மல்லிகை, தாமரை என்று ஒரு பூக்கடையையே இறக்கினாள். கூலியையும் மாற்றினாள். கோளாறு வரும் பகுதியை மட்டும் வெட்டி, மாதிரிக் கணக்கோடு சேர்த்துப் போட்டுவிட்டு, மாயக்காளுக்கும் டீ சொன்னாள்.

டீ ஆறுவதற்குள் எங்கோ இருந்த ஒருவர் பதில் எழுதிவிட்டார். ஓட்டிப் பார்த்தாராம், எல்லாம் சரியாகத்தான் வருகிறதாம். முத்துப்பிரியாவும் ஓட்டிப் பார்த்தாள். ரோஜாவுக்கு ஐந்து நாள் என்றால் ஐந்து நாள்தான் காட்டியது. எரிச்சலாக வந்தது. நீங்கள் மறைத்ததில்தான் கோளாறு இருக்கிறது, மறைத்தபோது என்ன மாறிப்போனது என்று யோசியுங்கள் என்று அவரே மறுபடியும் எழுதியிருந்தார்.

மறைத்தது பெயரும் கூலியும்தான். கூலியைப் பழையபடி வைத்துப் பார்த்தாள். அப்போதும் சரியாகவே வந்ததால் மாதிரித் தொகையையே திரும்ப வைத்தாள். அப்படியானால் பெயர். பெயரில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தவள் சட்டென்று திரும்பினாள்.

"அக்கா, உங்க ஜீப்புல உங்க பேருல வேற யாரும் இருக்காகளா?"

"வியாழக்கெழம ஒருத்தி புதுசா ஏறுனா தாயி, ராசிங்காபுரத்துக்காரி. அவளும் மாயக்காதேன். எங்க பக்கம் சாமி பேரு வைக்காம வேற என்ன பேரு வைப்பாக? எங்க தெருவுல மாயக்கான்னு கூப்பிட்டா நாலு பேரு திரும்புவோம்."

முத்துப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாள். வரிக்கு ஒரு பூவாகப் போட்டவள், ஒரே பெயரில் இரண்டு ரோஜாவை வைக்கவே இல்லை. இரண்டு நாள் போட்டிருந்த தாமரையை ரோஜாவாக மாற்றி ஓட்டினாள். முதல் ரோஜாவின் ஐந்து நாளும் அழிந்து, இரண்டாவது ரோஜாவின் இரண்டு நாள் மட்டும் நின்றது. அதே பெயர் மறுபடி வந்தால் கங்காணி திருத்தி அனுப்பியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, பழைய வரியைப் புரோகிராம் தூக்கிப் போட்டுவிடுகிறது. புதியவளோ, சேர்ந்து இரண்டு நாள் ஆனதால் தன் கணக்கு சரியாக வந்துவிட்டது என்று பேசாமல் இருந்திருக்கிறாள்.

பெயரை நம்பாதீர்கள், ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள் என்று பதில் வந்தது. கொடுத்தாள். இரண்டு மாயக்காள்களும் தனித்தனி வரியில் வந்து நின்றார்கள், ஐந்து நாளும் இரண்டு நாளுமாக. முத்துப்பிரியாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாயக்காளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து திரையின் முன்னால் நிறுத்தினாள்.

சத்தியநேசனும் மேலே வந்து பார்த்தார். முகம் மலர்ந்து, கெட்டிக்காரி என்றார். மாயக்காளின் கண் பக்கத்தில் திறந்திருந்த பூக்களின் கணக்குக்குப் போனது. எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"இந்த ரோஜா, மல்லியெல்லாம் எந்த எஸ்டேட்டுத் தாயி? நாளுக்கு ஆயிரம்னு போட்டிருக்கு."

அவளுக்கு அதில் பாதிகூட இல்லை. அது சும்மா, பெருக்குவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று தான் போட்ட தொகை என்று முத்துப்பிரியா மெதுவாகச் சொன்னாள். மாயக்காளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அந்த எஸ்டேட்டுக்குப் போறதுக்கு எங்கன ஜீப்பு ஏறணும்னு கேட்டுச் சொல்லு. நான் வெரசா வந்து நிக்கிறேன்."

சத்தியநேசனும் சிரித்தார். பிறகு குனிந்து, மற்றவர்கள் பார்த்தால் வீண் பேச்சு, அதை இப்போதே அழித்துவிடம்மா என்றார்.

முத்துப்பிரியா அழித்தாள். ஐந்து நாள் கணக்கு திரும்பக் கிடைத்த நிறைவோடு மாயக்காள் படியிறங்கிப் போனாள். காலையில் வழக்கமான ஜீப்பைப் பிடிக்க வேண்டும்.