யாருக்கும் தெரியாத இருநூற்றுப் பதினான்கு நாள்

குடியை நான் நான்கு முறை விட்டிருக்கிறேன். அதில் மூன்று ஊருக்கே தெரியும். முதல் முறை மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். ஒன்பது நாள் தாங்கியது. இரண்டாம் முறை மனைவியின் அண்ணனைச் சாட்சியாக உட்கார வைத்துக்கொண்டு சொன்னேன். மச்சான் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார், நான் கடையில் இருந்தேன். மூன்றாம் முறை டிப்போவில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்து அறிவித்தேன். நான் குடியை விட்டதைக் கொண்டாடியே தீர வேண்டும் என்று நண்பர்கள் அன்று மாலையே என்னைக் கடைக்கு இழுத்துப் போனார்கள். நானும் கொண்டாடினேன்.

பஸ் ஓட்டுகிறவன் நான். டிப்போவில் எனக்குத் தண்ணி வண்டி என்று பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. குடித்துவிட்டு வண்டியைத் தொட்டதில்லை என்று பெருமையடித்துக்கொள்வேன். முந்தின நாள் குடித்தது இறங்காமல் காலையில் வந்து நின்றதற்கு இரண்டு மெமோ வாங்கியிருக்கிறேன் என்பதைச் சொல்ல மாட்டேன். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

மனைவி மகளை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனபோது கத்தவில்லை, அழவில்லை. மகளின் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, “ஒரு வருஷம் தொடாம இருந்தீங்கன்னா வந்து கூப்பிடுங்க. அதுக்கு ஒரு நாள் முன்னாடி கூட வந்து நிக்காதீங்க” என்றாள். அவள் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்திவிட்டு மறந்திருப்பேன். அந்த அமைதிதான் என்னைப் பிடித்து உலுக்கியது. இரண்டு மாதம் கழித்து நான்காவது முறையாக விட்டேன். இந்த முறை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு வருடம் முடிந்த மறுநாள் மச்சான் வீட்டுக் கதவைத் தட்டப்போகிறேன், அப்போது சொன்னால் போதும் என்று இருந்தேன்.

தினமும் ஐந்து மணிக்கு எழுந்தேன். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். டிப்போவுக்குப் போகும் நேர்வழியில் இரண்டு மதுக்கடைகள், அதனால் டயர் கடைகள் இருக்கும் பின்தெரு வழியாக இருபது நிமிடம் கூடுதலாக நடந்தேன். போனை அணைத்து வண்டியில் இருக்கும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். ஓட்டும்போது சாலை, கண்ணாடி, சாலை, கண்ணாடி, அவ்வளவுதான். பதினொரு வருடமாக ஓட்டும் தடத்தில் ஒரு பல் மருத்துவர் இருக்கிறார் என்பதே எனக்கு நாற்பதாவது நாள்தான் தெரிந்தது. மாலையில் நானே சமைத்தேன். முதல் மாதம் சமைத்ததை நாய்கூடத் தொட்டிருக்காது. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும், தூக்கம் வராவிட்டாலும் எழக்கூடாது. நாட்களை எங்கும் குறித்து வைக்கவில்லை, மனதுக்குள் எண்ணினேன். குறித்து வைத்தால் யாராவது பார்ப்பார்கள். பார்த்தால் கேட்பார்கள். கேட்டால் நான் வாய் கிழியப் பேசுவேன். பேசினால் என் கதை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

தொந்தரவு நண்பர்களால்தான் வந்தது. என் வண்டியின் கண்டக்டர் எட்டு வருடமாக என்னோடு இருக்கிறான். அண்ணே, அண்ணே என்று உயிரை விடுவான். வேலை முடிந்ததும் கடைக்குக் கூப்பிடுவான், மறுத்தால் விட மாட்டான். ஒரு நாள், “இப்பல்லாம் வீட்டுலயே வச்சுக்கிறேன்பா” என்று சொல்லி வைத்தேன். அந்தப் பொய் பிரமாதமாக வேலை செய்தது. அதற்கப்புறம் ஒருவனும் வற்புறுத்தவில்லை. ஆனால் முதல் சில வாரங்கள் என் கை நடுங்கியதைக் கண்டக்டர் பார்த்தான். நாக்கு நமநமக்கும்போதெல்லாம் நான் புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டதையும் பார்த்தான். வாசனையை மறைக்கத்தான் என்று முடிவு செய்துகொண்டான். பொண்டாட்டி போனதிலிருந்து அண்ணன் தனியாக உட்கார்ந்து காலை மாலை பார்க்காமல் குடிக்கிறார், பாவம் என்று டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இருநூற்றுப் பதினான்காவது நாள், காலை பதினொன்றேகால் மணி. நின்றிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலைக்குள் வந்தார். பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தேன். வண்டி நின்றது, அவரைத் தள்ளிய பிறகு நின்றது. என் நெற்றி ஸ்டியரிங்கில் மோதியது. இறங்கி ஓடினேன். பெரியவரின் வலது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் என்னைத்தான் பார்த்தது.

கண்டக்டர் ஆம்புலன்சுக்கு போன் செய்துவிட்டு என் கையைப் பிடித்தான். “அண்ணே, கிளம்புங்க. போலீஸ் வந்தா ஊதச் சொல்லுவாங்க. வேலை போயிரும். இங்க நான் பாத்துக்கிறேன்.”

நான் குடிக்கவில்லை என்றேன். வாயில் புதினா மிட்டாய் இருந்தது. அவன் குழந்தைக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டினான். பின்னால் வந்து நின்ற எங்கள் டிப்போ பஸ்ஸின் பின்பக்கப் படிக்கட்டை நோக்கி இழுத்தான். இந்த இடத்தில் நான் பொய் சொல்லக் கூடாது. அவன் என் தோள் உயரம்தான் இருப்பான். ஒரு உதறு உதறியிருந்தால் போதும். உதறவில்லை. அந்தக் கண் பார்க்காத இடத்துக்குப் போனால் போதும் என்று என் கால்கள் நினைத்தன. ஏழு மாதம் ஒவ்வொரு மாலையும் பிடித்து நிறுத்திய கால்களை அந்த ஒரு நிமிடம் விட்டுவிட்டேன். அதற்கு நான்தான் பொறுப்பு.

டிப்போ ஒர்க்‌ஷாப்பில் பழைய டயர்கள் அடுக்கிய அறையில் நண்பர்கள் என்னை உட்கார வைத்தார்கள். தண்ணீர் குடித்து மூச்சு திரும்பிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், இப்போதே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். மெக்கானிக் சிரித்தான். “இப்ப எடுத்தா பாட்டில் பாட்டிலா வரும்ணே. ஒரு நாள் போகட்டும், எல்லாம் இறங்கிரும்.” கையெடுத்துக் கும்பிட்டேன். கெட்ட வார்த்தையில் திட்டினேன். திட்டத் திட்ட அவர்களுக்குச் சந்தேகம் தீர்ந்துபோனது. சாப்பாடு வைத்து, தலைக்கு ஒரு துணிமூட்டையும் கொடுத்து, வெளியே பூட்டிவிட்டுப் போனார்கள். என் மேல் அவ்வளவு பாசம்.

மறுநாள் கதவு திறந்ததும் நானே போலீசில் போய் நின்றேன். ரத்தம் எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. ஒரு நாள் கழித்து எடுத்தால் யார் ரத்தமும் சுத்தமாகத்தான் இருக்கும் என்றார் மருத்துவர். பெரியவர் பிழைத்துக்கொண்டார், இனி ஊன்றுகோல் இல்லாமல் நடக்க மாட்டார். தான்தான் பார்க்காமல் வந்ததாக அவரே போலீசிடம் சொல்லிவிட்டார். அவரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். ஏன் தம்பி ஓடினே என்று மட்டும் கேட்டார். டிப்போ விசாரணையிலும் அதே கேள்விதான்.

விசாரணை அதிகாரி முன்னால் எனக்காகப் பேச நண்பர்கள் வரிசையாக வந்தார்கள். கண்டக்டர் கண்கலங்கிச் சொன்னான். அண்ணன் தங்கமானவர், குடும்பம் பிரிந்த துக்கம், அதுவும் வெளியே எங்கும் குடிப்பதில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார், அவரே என்னிடம் சொன்னார். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். என் முறை வந்தபோது இருநூற்றுப் பதினான்கு நாள் என்றேன். நிமிர்ந்து பார்த்து, இது வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். வீட்டம்மாவுக்கு? அவளுக்குத்தான் முக்கியமாகத் தெரியாது என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

வெளியே வந்ததும் தொழிற்சங்கச் செயலாளர் என்னைத் தனியே அழைத்தார். அதிகாரியிடம் பேசிவிட்டாராம். அன்று காலை குடித்திருந்தேன், இது எனக்கு ஒரு நோய், சிகிச்சை எடுத்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். நாற்பது நாள் மறுவாழ்வு இல்லத்தில் இருந்துவிட்டு வந்தால் ஒர்க்‌ஷாப்பில் வேலை தருவார்கள். வண்டி ஓட்ட முடியாது. போடாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். செய்யாததை எழுதித் தர மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

அன்று நேர்வழியில் நடந்தேன். முதல் கடையின் முன்னால் நின்றேன். வெயில் நேரம், உள்ளே இரண்டு பேர்தான் இருந்தார்கள். குடித்தவன் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள், இனி குடித்தால்தான் என்ன? உள்ளே போயிருந்தால் அவர்கள் சொன்னது உண்மையாகியிருக்கும், அதில் ஒரு நிம்மதிகூடக் கிடைத்திருக்கும். வேர்த்துக் கொட்டியது. திரும்பிப் பின்தெரு வழியாகவே வீட்டுக்குப் போனேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான காரியம் அதுதான். அதற்கும் சாட்சி இல்லை.

அடுத்த நாள் மனைவி வந்தாள், மச்சானோடு. கண்டக்டர் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். மச்சான் வாசலிலேயே நின்றுகொண்டார். அவள் சமையலறைக்குள் போய், கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களையும் துடைத்த அடுப்பையும் பார்த்தாள்.

“நான் வர்றேன்னு தெரிஞ்சு சுத்தம் பண்ணீங்களா?”

தினமும் இப்படித்தான் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஐந்து மணி, பின்தெரு, பூட்டிய போன், மிட்டாய், வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்ற பொய், எண்ணிய நாட்கள். கேட்கக் கேட்க அவள் முகம் இளகும் என்று எதிர்பார்த்தேன். இறுகிக்கொண்டே போனது.

“இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது குடிச்சேன்னு நீங்களா சொல்லியிருக்கீங்களா? நிக்க முடியாம விழுந்தப்பக்கூடக் குடிக்கலன்னுதானே சொன்னீங்க?” அவள் குரல் உயரவில்லை. “ஒரே ஒரு தடவை ஒத்துக்கோங்க. கையெழுத்துப் போடுங்க, அந்த இல்லத்துக்குப் போங்க. நாங்க திரும்பி வந்துடுறோம். ஒரு வருஷமெல்லாம் வேணாம்.”

குடிக்கவில்லை என்பதை நான் அவளிடம் எத்தனை நூறு முறை சொல்லியிருப்பேன். உண்மையாகவே தேவைப்பட்ட நாளில் அந்தப் பேச்சில் சாரம் இல்லாமல் போய்விட்டது. அவள் மேல் கோபம் வந்தது. அடுத்த நிமிடமே அவள் நம்பாததுதான் நியாயம் என்றும் தெரிந்தது. இன்னும் என்ன சொல்லியும் பயனில்லை. அவள் திரும்பி வருகிறேன் என்கிறாள். அதற்காகத்தானே இத்தனையும். சாயங்காலமே செயலாளரிடம் போய்க் காகிதத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இல்லத்தில் சேரும் நாளில் குடும்பத்தாரும் வரலாம். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். எனக்கு எதிரில் மனைவி, அவள் பக்கத்தில் மகள். ஒன்பது மாதத்தில் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தாள். ஆலோசகர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று கேட்டார். மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். விபத்து நடந்த அன்று காலையில் என்றேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை அப்படி நம்பிப் பார்த்தது அன்றுதான்.

“இங்கே சேர்ற நாள்தான் முதல் நாள்,” என்றார் ஆலோசகர். “அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் எண்ணிக்கையில சேராது. நீங்களே சொல்லுங்க, இன்னிக்கு எத்தனாவது நாள்?”

எனக்குள் இருநூற்று முப்பத்து மூன்று ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். மகள் நாற்காலியிலிருந்து இறங்கி ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிறகு அண்ணாந்து பார்த்து, “நாளைக்கு ரெண்டாப்பா?” என்று கேட்டாள்.

ஆமாம், ரெண்டு என்றேன்.