ஸுல்பிகாவின் மஞ்சள் குளிசைகள்

1974 மாசியில் ஸுல்பிகாவுக்குப் பிள்ளை கலைந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகும் சலத்தைச் சோதித்தால் பிள்ளை உண்டு என்றே வந்தது. கருப்பையில் வளரும் புற்றுக்கட்டி ஒன்றுதான் அப்படி நடிக்கிறது என்று கொழும்பு டொக்டர் கண்டுபிடித்து, மெதோட்ரெக்ஸேட் குளிசை எழுதினார். இறக்கக்கண்டி டிஸ்பென்சரியில் அதைக் கொடுப்பது என் வேலை.

மாமியார் றுக்கியா நம்பவில்லை.

"டொக்டர் புள்ள இல்லையெண்டுறார். சோதினை உண்டெண்டுது. சோதினைக்கு என்னத்துக்குப் பொய்?"

கர்ப்பிணிகளுக்கு மருத்துவிச்சி கொடுக்கும் ஃபோலிக் அமிலக் குளிசையை நாள்தோறும் மருமகளின் வாயில் போட்டு, விழுங்கும்வரை நின்றாள்.

நான் வீட்டுக்குப் போய் விளக்கினேன்.

"உம்மா, கட்டி பெருக ஃபோலிக் வேணும். டொக்டரிட மருந்து அதே சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளுக்குப் போகும். கட்டி ஆள் தெரியாமப் பிடிச்சுக்கொள்ளும். பிறகு விடவும் ஏலாது, பெருகவும் ஏலாது. சாகும். ரத்தப் புற்றுநோய்க்கும் இதைத்தான் குடுக்கிறது. நீங்கள் உண்மையான ஆளை உள்ளுக்கு அனுப்புறீங்கள்."

"அப்ப அது கள்ளவேலை செய்யிற மருந்து."

"ஓம்."

"செத்துப்போன உங்கட பொஞ்சாதிக்கும் நீங்கதானே தம்பி மருந்து குடுத்தனீங்க?"

"ஓம்."

அவள் உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஃபோலிக் குளிசை இருந்த தகரப் பேணியைக் கொண்டுவரவில்லை.

திரும்பும்போது வாசல் படலையடியில் ஸுல்பிகா நின்றாள். "மாமியோட கதைச்சு வெல்ல ஏலாது ஐயா. மருந்து செய்யிற வேலையை நீங்களும் செய்ங்க."

ரைபோஃப்ளேவின் என்ற விட்டமின் குளிசையும் ஃபோலிக்கைப் போல மஞ்சள்தான், சின்னதுதான். கட்டிக்கு உதவாது; சலத்தை மட்டும் மஞ்சளாக்கும். மறுநாள் அவள் ஒளித்துக் கொண்டுவந்த பேணியில் அதை நிரப்பிக் கொடுத்தேன்.

நாலாம் நாள் றுக்கியாவே வந்தாள்.

"சலம் தங்கம்மாதிரிப் போகுது. என்ர குளிசை பிடிக்குது."

"நல்லாப் பிடிக்குது, உம்மா."

கார்த்திகையில் சோதனை 'இல்லை' என்றது. மார்கழியிலும் இல்லை. கட்டி போய்விட்டது என்று டொக்டர் கடிதம் கொடுத்துவிட்டார். இருவரும் டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். றுக்கியா பேணியை மேசையில் அடித்து வைத்தாள்.

"கொழும்புக் குளிசை சொன்னதைச் செய்திட்டுது. உங்கட மருத்துவிச்சி தந்தது வெறும் அரிசி மா! அடுத்தமுறை உண்மையாப் புள்ள உண்டானா, பட்டணத்திலதான் குளிசை எடுப்பம்."

ஸுல்பிகா முக்காட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

நான் கடிதத்தின் கடைசி வரியை வாசித்தேன். "ஒரு வருஷத்துக்குப் பிள்ளை உண்டாகக்கூடாது."

"ஒரு வருஷமோ? என்ர மகன் அன்ஸார் கடலுக்குப் போனாலும் விடிய வந்திருவானே!"

"அதுக்கும் குளிசை இருக்கு, உம்மா."

றுக்கியா என்னைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள்.

"அதை மட்டும் நான் குடுக்கமாட்டன்," என்றாள்.