இடம் மாறிய சதை

ஜெசிந்தா படூரில் ஒரு காலேஜில் லேப் அட்டெண்டர். இடது மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து கீமோ எடுத்தாள். கொட்டிய முடி மறுபடி அரும்பத் தொடங்கியபோது, டாக்டர் சுப்ரஜா ஆபரேஷன் பற்றிப் பேசினார்.

"மார்பை முழுசா எடுத்தாகணும். அப்பவே அடிவயித்துத் தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாயோட எடுத்து, அங்க புது மார்பு செய்யலாம். வேணாம்னாலும் தப்பில்ல. உங்க இஷ்டம்தான்."

"உசுரு பொழச்சா போதும் மேடம். இந்த வயசுல அது இன்னாத்துக்கு?" என்றான் கணவன் ஸ்டான்லி. அதே காலேஜில் பஸ் ஓட்டுகிறவன்.

"உனுக்கு வேணாம்யா. எனுக்கு வேணும்," என்றாள் ஜெசிந்தா. பிறகு டாக்டரிடம், "அறுத்து எடுத்த சதை எப்டி மேடம் உசுரோட இருக்கும்?"

"அதோட குழாயை நெஞ்சுல இருக்கிற குழாயோட சேர்த்துத் தைப்போம். முடியைவிட மெல்லிசான நூல். மைக்ராஸ்கோப்புல பாத்துத்தான் தைக்கணும்."

ஆபரேஷன் முடிய ஒன்பது மணி நேரம் ஆனது. மறுநாள் காலை நர்ஸ் ஜெபா, பேனா போன்ற ஒரு கருவியைப் புது மார்பின் மேல் வைத்தாள். பக்கத்திலிருந்த சின்ன ஸ்பீக்கர் இரைந்தது. ஷூ... ஷூ... ஷூ...

"இன்னா சத்தம்மா அது?" என்றான் ஸ்டான்லி.

"ரத்தம் ஓடுதுண்ணா. நல்லா ஓடுது."

ஓடுகிற பஸ்ஸிலும் வாய் ஓயாதவன், ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தான். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டான்.

"இன்னொரு வாட்டி வை சிஸ்டர்," என்றாள் ஜெசிந்தா ஈனக் குரலில். கண்ணை மூடிக் கேட்டாள். நேற்றுக் காலைவரை அது அவள் வயிறாக இருந்தது.

அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்கு நோய் பரவவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. பத்து நாளில் கோவளத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினார்கள். உடம்பு துடைத்துவிட்ட மகள் ஜெனிட்டாவின் கை, புது மார்பின் மேல் சட்டென்று நின்றது.

"அம்மா, இதுல வெள்ள வெள்ளயா கோடு கீதே?"

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். பிரசவக் கோடுகள். வயிற்றுத் தோலோடு அவையும் மேலே ஏறி வந்திருந்தன.

"நீ வயித்துல இருந்தப்ப வந்ததுடி!"

ஜெனிட்டா ஒரு கோட்டின் மேல் மெதுவாக விரல் வைத்தாள். "தெரியுதாம்மா?"

"தொடுறது தெரில."

"சூடா கீதும்மா," என்றாள் ஜெனிட்டா. விரலை எடுக்கவில்லை.