நாலு பார் மௌனம்

புத்தகத்தை அவள் கையில் கொடுத்தது அரங்க வாசலில் நின்ற ஒரு பெண். உள்ளே போகிற எல்லோருக்கும் ஒன்று கொடுத்தாள், அவளுக்கும் ஒன்று. நல்ல கனம். வழவழப்பான கெட்டித் தாள், திருப்பினால் தகரம் மாதிரிச் சத்தம் போட்டது. அட்டையில் அண்ணன் கன்னத்தில் கைவைத்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயது, அறுபத்து மூன்று இசைப் படைப்புகள்; ஒவ்வொன்றும் எந்த வருஷம் எழுதியது, எங்கே முதலில் வாசித்தது, எத்தனை நிமிஷம் என்று முழுப் பட்டியல். அவள் முன்வரிசையில் அண்ணிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டியலைத் தாண்டி, நேராக நன்றிப் பக்கத்துக்குப் போனாள்.

போகாமல் என்ன செய்வாள்? "புத்தகத்துல உன் பேரு வரும் மைக்கூடு, நானே எழுதுறேன்" என்று போன மாதம் அவரே சொல்லியிருந்தார். அவள் கேட்டு அவர் சொன்னதில்லை. வீட்டில் அவளுக்கு மைக்கூடு என்றே பேர். பத்தொன்பது வயதில் விரலில் ஏறிய கறை, அறுபத்திரண்டிலும் போகவில்லை. அண்ணன் எழுதுவது கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். அதைப் பிரித்து, வயலினுக்குத் தனி, செல்லோவுக்குத் தனி என்று வாசிக்கிறவர்கள் கண்ணை உறுத்தாமல் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. முதல் நாலு நீங்கலாக மற்ற ஐம்பத்தொன்பதும் அவள் கை வழியாகத்தான் மேடைக்குப் போயின. கணினி வந்தபோது அவர் அதைத் தொட மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐம்பது வயதில் உட்கார்ந்து அதையும் இவளே கற்றுக்கொண்டாள்.

நன்றிப் பக்கத்தில் மூன்று அறக்கட்டளைகள் இருந்தன. வானொலி நிலையம் இருந்தது. பியானோவுக்குச் சுருதி கூட்டியவர் இருந்தார், முழங்கால் மருத்துவர் இருந்தார். கடைசி வரி, 'பொறுமையோடு துணைநின்ற குடும்பத்தாருக்கு' என்று முடிந்தது. குடும்பத்தார்! அண்ணியும் குடும்பத்தார்தான், அண்ணியின் பூனையும் குடும்பத்தார்தான். அவள் இரண்டாம் தடவை விரல் வைத்து வாசித்தாள். பேர் போட மறந்திருக்கலாம், வயசாகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அண்ணன் மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

மூன்றாவது நால்வர் இசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அதுதான். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. அதன் மூன்றாம் பகுதி தலைதெறிக்க ஓடும். ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று நாலு பேரும் நின்றுவிடுவார்கள். நாலு பார், அதாவது தாளக் கணக்கில் நாலு கட்டம், முழு மௌனம்; பிறகு மறுபடி ஓட்டம். அந்த மௌனத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேர் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியிருக்கிறார்கள்.

அது பிறந்த கதை அவளுக்குத் தெரியும். வாசிக்கிறவனுக்கு இரண்டு கையும் வாத்தியத்தில் இருக்கும். பக்கம் திருப்ப வேண்டுமானால் நடுவே ஓய்வு வேண்டும். பக்கத்தின் கடைசி வரி ஓர் ஓய்வில் போய் முடிகிற மாதிரி எழுதுவதுதான் பிரதி எடுப்பவரின் சாமர்த்தியம். அந்தப் பகுதியில் யாருக்குமே ஓய்வு இல்லை. இரண்டு நாள் பக்கத்துக்கு வரிகளைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். முடியாமல் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, மூணாவது பகுதியில ஒருத்தருக்கும் மூச்சுவிட இடமில்ல. பக்கத்த எப்படித் திருப்புவாங்க?"

"மூக்கால திருப்பச் சொல்லு."

"வெளையாடாதீங்க. நூத்திப் பன்னெண்டாவது பாருக்கு அப்புறம் நாலு பார் சும்மா விட்டுடட்டுமா? நாலு பேருக்குமே?"

"நீ மைக்கூடா, பிரம்மாவா?" என்று கத்தினார். அப்புறம் யோசித்து, "சரி, போட்டுத் தொலை. ஒரு தடவைதானே வாசிக்கப் போறாங்க" என்றார்.

முதல் கச்சேரியில் அப்பா வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். மௌனம் வந்தது, நாலு பேரும் சரசரவென்று பக்கத்தைத் திருப்பினார்கள். "என்னடி இது, நடுவுல நாலு பேரும் பேப்பர் படிக்கிறானுங்க?" என்று அப்பா அவள் காதில் கேட்டார். அன்று வீடு திரும்பி மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பத்திரிகையில் அந்த மௌனத்தை ஆகா ஓகோ என்று எழுதியபோது அண்ணனே தாளை நீட்டி, "பாத்தியா, நீ பக்கம் திருப்ப விட்டதுக்கு ஒருத்தன் ஒரு பக்கம் எழுதியிருக்கான்" என்றார். அந்தச் சிரிப்பில் பங்கு இருந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது. பிறகு பொடி எழுத்தில் அச்சுப் பிரதி வந்தது, அந்த இடத்தில் பக்கம் திருப்பவே வேண்டியிருக்கவில்லை. காகிதச் சத்தம் போய்விட்டது. சிரிப்பும் எப்போது நின்றது என்று அவளுக்கு ஞாபகமில்லை.

மேடையில் அண்ணனின் குரல் தழுதழுத்தது.

"எங்கப்பாவோட கடைசி நாள். அவர் கைய நான் பிடிச்சுக்கிட்டிருந்தேன். ஒரு மூச்சு வந்துச்சு. அடுத்த மூச்சு வருமா வராதான்னு தெரியல. நடுவுல அவ்வளவு பெரிய இடம். நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். அந்த இடந்தான் இந்த நாலு பார்."

அரங்கமே உறைந்து உட்கார்ந்திருந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். அந்த இசை அரங்கேறியதற்கு அடுத்த வருஷம் போனவர் அப்பா. அரங்கேறிய வருஷத்தை இதே புத்தகத்தின் பட்டியலில் அச்சடித்திருக்கிறார்கள். அன்றைக்கு அண்ணன் கடல் தாண்டிப் போய் ஒரு பரிசு வாங்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் கையைப் பிடித்திருந்தவள் அவள். 'அடுத்த மூச்சு வருமா வராதான்னு தெரியல, நடுவுல அவ்வளவு பெரிய இடம், நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்' என்று போனில் அவரிடம் அழுதவளும் அவள். மௌனத்தை எடுத்துக்கொண்டதைக் கூட ஒருவேளை பொறுத்திருப்பாள். அப்பாவின் கையை எப்படி எடுத்துக்கொண்டார்? கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவர் என்று ஊரே சொன்னபோது அண்ணனுக்காகச் சண்டை போட்டவள் அவள். அதை நினைத்தபோது இன்னும் எரிந்தது.

கைதட்டல் அடங்க, அவர் இறங்கி வந்து அவளுக்கு மறுபக்கம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். கண் நிஜமாகவே ஈரமாக இருந்தது.

"அப்பா கைய யாரு பிடிச்சிருந்தா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் திரும்பவில்லை. "மேடையில எல்லாத்தையும் நடந்தபடியே சொல்ல முடியுமா? பக்கம் திருப்பறதுக்காக விட்டதுன்னு சொன்னா சிரிப்பாங்க."

"நாம சிரிச்சோமே."

அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அண்ணி அவள் மணிக்கட்டைத் தொட்டு, "அவர் அப்படித்தாம்மா, தெரிஞ்சதுதானே, விடு" என்றாள். விடுவதற்கு அவள் கையில் வேறு என்ன மிச்சமிருந்தது?

நாலு இளைஞர்கள் வந்து உட்கார்ந்தார்கள். யார் முன்னாலும் காகிதம் இல்லை, சின்னத் திரைகள்தான். காலடியில் ஒரு மிதி. அதை அழுத்தினால் பக்கம் தானாக மாறும். நன்றாக வாசித்தார்கள். அவ்வளவு கோபத்திலும் அவளால் அதை மறுக்க முடியவில்லை. இரண்டு பகுதிகள் முடிந்து மூன்றாவது ஓட ஆரம்பித்தது. அவள் மடியில் புத்தகம் நன்றிப் பக்கத்தில் திறந்தபடியே இருந்தது. நூறு, நூற்றைந்து. தானாகவே எண்ண ஆரம்பித்திருந்தாள். நூற்றுப் பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

நின்றார்கள்.

எண்ணூறு பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். நாலு வில்லும் அந்தரத்தில் நின்றன. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை மேலே தூக்கினார்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

கெட்டித் தாளின் சரசரப்பு அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் போனது. செல்லோக்காரன் நிமிர்ந்து பார்த்தான். பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அண்ணனின் மூடிய இமைகள் ஒருமுறை துடித்தன. அவர் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் இரண்டு பார் இருந்தது. அவள் அடுத்த பக்கத்தின் நுனியை விரலால் பிடித்தாள்.