திலகவதி பெயருக்கு வந்த காகிதம்

"உங்ககிட்ட வர்றவங்க எல்லாம் படிக்கத் தெரியாதவங்கதானே மாமா. நீங்க ஒண்ண எழுதிட்டு இன்னொண்ணப் படிச்சுக் காட்டினா, அவுங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அப்புறம்?"

"அதனாலதான் மாத்திப் படிக்கக் கூடாது."

"நல்லா இருக்கே. எனக்கும் ஒரு நாளு அந்த மாதிரி விரல வெச்சுப் படிச்சுக் காட்டுவீங்களா?"

"உன் பேருக்கு ஒரு காகிதம் வரட்டும். வரி வரியா படிச்சுக் காட்டுறேன்."

"எனக்கு எவன் காகிதம் போடப் போறான்?" என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் திலகவதி தூக்குச்சட்டியைத் திறந்து மீன் குழம்பை ஊற்றினாள்.

கல்யாணமான புதிதில் பேசிய பேச்சு அது. நாற்பது வருஷம் ஆகிறது. மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில், ஒரு சைக்கிள் கடையின் தாழ்வாரத்தில்தான் அப்போது சுப்பராயலு மேஜை போட்டிருந்தார். கடலோரக் குப்பத்திலிருந்து முதல் ஆளாக எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். கலெக்டருக்கும் தாசில்தாருக்கும் மற்றவர்கள் சார்பில் மனு எழுதிக் கொடுப்பது தொழில். பட்டா கேட்டு, பென்ஷன் கேட்டு, காணாமல் போன படகுக்கு நஷ்டஈடு கேட்டு எழுதுவார். எழுதி முடித்ததும் காகிதத்தை மனுதாரர் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே ஆள்காட்டி விரலை நகர்த்திக்கொண்டே உரக்கப் படிப்பார். மனுதாரர் சரியென்று தலையாட்டிய பிறகுதான் மைப்பெட்டியைத் திறந்து கைநாட்டு வாங்குவார். வேறு எழுத்தர்கள் இதற்கெல்லாம் மெனக்கெட மாட்டார்கள். சுப்பராயலு ஒரு மனுவுக்குக்கூட இதை விட்டதில்லை.

மதியம் ஒரு மணிக்குச் சோறு கொண்டுவரும் திலகவதி, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பாள். அத்தை மகள். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. அவர் விரல் ஓடுவதைப் பார்ப்பதே அவளுக்கு ஒரு வேடிக்கை.

அவள் சொன்னது பலித்துத்தான் போனது. ரேஷன் அட்டை அவர் பெயரில். வீட்டு வரி, கரண்ட் கார்டு, மகன் அரசுவின் பள்ளிக்கூடக் கடிதங்கள் எல்லாம் அவர் பெயரில். ஓட்டு அட்டையில் மட்டும் அவள் பெயர் இருந்தது. அதில் படித்துக் காட்ட என்ன இருக்கிறது? இப்படியே நாற்பது வருஷம் போன பிறகு, மூன்று வாரத்துக்கு முன்னால், அவள் பெயருக்கு ஒரு காகிதம் வந்தது.

பெயர், திலகவதி. வயது, அறுபத்தொன்று. வயிற்றுக்குள் குழாய் விட்டு எடுத்த சதையைச் சோதித்த ரிசல்ட்.

லேப் வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து சுப்பராயலு அதைப் பிரித்தார். அவருக்கு டாக்டர் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த இங்கிலீஷ் வார்த்தை அவருக்குப் பழக்கம். வைத்தியச் செலவுக்கு நிதி உதவி கேட்டு வருகிறவர்களுக்காக அதே வார்த்தையை அறுபது எழுபது தடவை டைப் அடித்திருக்கிறார். அதை அடிக்கும்போது மட்டும் எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார்.

"என்னா மாமா போட்டிருக்கு?" என்று பக்கத்தில் நகர்ந்து வந்தாள் திலகவதி.

"வயித்துல புண்ணாம். கொஞ்சம் ஜாஸ்தியா இருக்காம். காரம் சேக்கக் கூடாது. மாத்திரை ஒழுங்கா போட்டுக்கிட்டா ரெண்டு மூணு மாசத்துல ஆறிடுமாம்" என்று அவர் படித்தார். எங்கிருந்து வந்தன அந்த வார்த்தைகள் என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் காகிதத்தையும் அவரையும் பார்த்தாள். "சரி, வாங்க போலாம். வெயில் ஏறுது" என்றாள்.

போன செவ்வாய்க்கிழமை சிதம்பரத்துக்குப் போனார்கள், பெரிய டாக்டரைப் பார்க்க. மகன் வயதுதான் இருக்கும் டாக்டருக்கு. திலகவதியை எடை பார்க்க அனுப்பிவிட்டு, சுப்பராயலுவிடம் தணிந்த குரலில் கேட்டார். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"ஈரலுக்கும் போயிருக்கு ஐயா. ஆபரேஷன் பண்ற நிலைமை தாண்டிடுச்சு. மருந்து ஏத்தலாம். ஏத்தினா சில மாசம் கூடக் கிடைக்கலாம், அதுலயும் கஷ்டம் உண்டு. ஏத்தாம வலிக்கு மட்டும் பாத்துக்கிட்டு வீட்டுல வெச்சுக்கலாம். எதுன்னு அவுங்கதான் சொல்லணும். அடுத்த செவ்வாய் வரும்போது விஷயத்தச் சொல்லிட்டுக் கூட்டிட்டு வாங்க."

"நானே முடிவு பண்ணிச் சொன்னா ஆகாதுங்களா?"

"அவுங்க உடம்பு ஐயா" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் நர்ஸ் ஒரு சீட்டைக் கொடுத்தாள். வரும்போது பழைய ரிப்போர்ட் எல்லாம் கொண்டுவர வேண்டும். சாப்பிடுகிற மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் அட்டையோடு, டப்பாவோடு எடுத்துவர வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் வயிறு. உடம்புக்கு என்னென்ன செய்கிறது, எப்போதிலிருந்து செய்கிறது, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவர வேண்டும். டாக்டர் சொன்ன அந்த ஒன்று சீட்டில் இல்லை.

ஆறு நாள் போய்விட்டது. சொல்வதற்கு ஒவ்வொரு நாளும் ஒரு நேரத்தைக் குறித்து வைத்தார். புதன்கிழமை அவள் சந்தோஷமாக இருந்தாள், கெடுக்க வேண்டாமென்று விட்டார். வியாழக்கிழமை வலியில் இருந்தாள், அதனால் விட்டார். வெள்ளிக்கிழமை நல்ல நாளாயிற்றே என்று விட்டார். சனியும் ஞாயிறும் என்ன சாக்கு என்று இப்போது ஞாபகம்கூட இல்லை.

இன்று திங்கட்கிழமை மத்தியானம். நாளைக் காலை ஆறரை மணி பஸ்.

திலகவதி கூடத்தில் ஒயர் கூடையை வைத்துக்கொண்டு நாளைக்கு வேண்டியதை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். போன தடவை ஸ்கேன் அறையில் உலோகம் ஆகாது என்று தாலியைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவள் கண் கலங்கியதை அவர் பார்த்தார். இந்த முறை முன்னாலேயே மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். சுலபமாகக் கழற்றிப் போட முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கை. ரத்தம் எடுத்த பிறகு அவர் சாப்பிடப்போகும் இட்லிக்குப் பொடி.

"எனக்கு இட்லி எதுக்கு? நானும் உன்கூட வெறும் வயித்தோட வர்றேன்."

"நீங்களும் மயங்கி விழுந்தா ஒரே கட்டில்ல ரெண்டு பேரயும் போட மாட்டாங்க மாமா. பேசாம சாப்பிடுங்க."

போன் அடித்தது. பண்ருட்டியில் முந்திரிக் கம்பெனியில் வேலை செய்யும் அரசு. சுப்பராயலு போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

"சொல்லிட்டியாப்பா?"

"இன்னும் இல்லடா."

"நான் வேணா நாளைக்கு நேரா சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சொல்லட்டுமா?"

"பஸ் ஸ்டாண்டுல வெச்சா சொல்லுவ உங்கம்மாகிட்ட? நான் சொல்றேன்."

"இததான்ப்பா தெனமும் சொல்ற" என்றான் மகன். குரல் உடைந்திருந்தது. சுப்பராயலு போனை வைத்தார்.

திரும்பி வந்தபோது மேஜை துடைத்திருந்தது. தொழிலை விட்ட பிறகு வீட்டுக்கு வந்துவிட்ட அதே மேஜை. மேலே வெள்ளைத் தாளும் பேனாவும். ஓரத்தில் மூடி போட்டபடி டைப்ரைட்டர். எதிர்ப்பக்கத்து ஸ்டூலில், மனுதாரர்கள் உட்காரும் இடத்தில், திலகவதி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னா?"

"எழுதிட்டு வரச் சொன்னாங்கல்ல. எழுதுங்க. நான் சொல்றேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கை தன் பாட்டுக்குப் பழக்கத்தில் ஓடியது. அனுப்புநர், சு. திலகவதி. பெறுநர், மருத்துவர் அவர்கள். ஐயா.

"இது கலெக்டருக்கா டாக்டருக்கா?"

"எனக்கு இப்படித்தான் எழுத வரும்."

"சரி. 'பொருள்'னு ஒண்ணு போடுவீங்களே, அதுல என்னா போட்டீங்க?"

அவர் பேனா நின்றது. "வயித்து வலி" என்றார்.

அவள் ஒரு வெளியாளிடம் சொல்வதுபோல, நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். பொங்கலுக்கு முன்னாலிருந்து சோறு இறங்குவதில்லை. நாலு வாய் போட்டால் நெஞ்சில் நிற்கிறது.

"பொங்கலுக்கு முன்னாலயா? சித்திரையிலதான் ஆரம்பிச்சதுன்னு சொன்ன."

"உங்களுக்குச் சொன்னது சித்திரை. டாக்டருக்குப் பொங்கல். எழுதுங்க."

எழுதினார்.

"மாசி மாசத்துலேர்ந்து வாந்தி. உங்களுக்குத் தெரியாது, குழாயத் தொறந்து விட்டுட்டு எடுப்பேன். ரெண்டு வாட்டி காப்பித்தூள் மாதிரி வந்துச்சு. வெளிக்கிப் போனா தாரு மாதிரி கறுப்பா போகுது. அதயும் எழுதிக்குங்க. ராத்திரில முதுகுப் பக்கம் வலி குடையுது. நீங்க தூங்கினப்புறம் எழுந்து செவுத்துல சாஞ்சு உக்காந்துக்குவேன்."

அவர் எழுதிக்கொண்டே போனார். எழுத்து கோணலாயிற்று. ஆறேழு மாதமாக ஒரே வீட்டில், ஒரே பாயில், அவர் பக்கத்தில் நடந்தது இத்தனையும். "ஏன்டி சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

"பயப்படுவீங்க. உங்களுக்கு என்னா கொஞ்சூண்டு பயமா? அரசுக்குக் காய்ச்சல் வந்தாலே வாசல்ல போயி நின்னுக்குவீங்க." அவள் லேசாகச் சிரித்தாள். "முடிஞ்சுதா? திருப்பிப் படிங்க."

அவர் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்து, ஆள்காட்டி விரலை வரிக்குக் கீழே வைத்துப் படித்தார். சோறு இறங்காதது, வாந்தி, காப்பித்தூள், கறுப்பு, முதுகு வலி. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. ஒவ்வொரு வரிக்கும் அவள் தலையாட்டினாள். கடைசியில் 'ஆகவே' என்று எழுதி நிறுத்தியிருந்த இடத்தில் விரல் நின்றது.

"ஆகவேக்கு அப்புறம் ஒண்ணும் இல்லியே."

"அங்கதான் என்னா வேணும்னு கேக்கணும். நீ சொன்னா எழுதுறேன். டாக்டர்கிட்ட என்னா கேக்கணும்?"

"டாக்டர்கிட்ட கேக்க எனக்கு ஒண்ணும் இல்ல. உங்ககிட்டதான் இருக்கு."

திலகவதி எழுந்து மேஜையின் ஓரத்துக்குப் போய் டைப்ரைட்டரின் மூடியைத் தூக்கினாள். அடியில், அவர் இரண்டாக மடித்து மறைத்து வைத்திருந்த பழுப்பு நிற லேப் கவர். பத்து வருஷத்துக்கு முன்னால் மகன் கல்யாணத்துக்காக அவர் மறைத்துச் சேர்த்த பணமும் அங்கேதான் இருந்தது. அதையும் அவள் தூசி துடைக்கும்போது பார்த்திருப்பாள் என்று இன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. அவள் கவரிலிருந்து தாளை எடுத்து, மடிப்பைப் புறங்கையால் நீவி, அவர் முன்னால் விரித்துவிட்டு மறுபடியும் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

"இத அன்னிக்கே படிச்சனே திலகா."

"படிச்சீங்க. உங்க விரலு மேல இருந்து நாலாவது வரியிலயே நின்னுடுச்சு மாமா. வாய் மட்டும் போய்க்கினு இருந்துச்சு. காரம் சேக்கக் கூடாதாம், மாத்திரை போடணுமாம்னு அம்மாம் நேரம் பேசுனீங்க, விரலு அங்கயே கெடந்துச்சு." அவள் கோபமாகச் சொல்லவில்லை. "நாப்பது வருஷம் சோறு எடுத்துக்கினு வந்து உக்காந்து பாத்திருக்கேன். எழுத்துதான் தெரியாது எனக்கு. உங்க விரலத் தெரியாதா?"

சுப்பராயலு கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்த பிறகும் மங்கலாகத்தான் தெரிந்தது. "வெளிச்சம் பத்தல. கண்ணு தெரியல. இங்கிலீஷுல வேற இருக்கு" என்றார். சொல்லும்போதே எவ்வளவு கேவலமான சாக்கு என்று தெரிந்தது. ஜன்னல் வழியே மூன்று மணி வெயில் மேஜை முழுக்க விழுந்து கிடந்தது.

"பரவால்ல. இங்கிலீஷுல வந்தத எத்தன பேருக்குத் தமிழ்ல சொல்லிக் காட்டியிருக்கீங்க." அவள் அவர் கையிலிருந்த கண்ணாடியை வாங்கித் தன் தலைப்பால் இன்னொரு தடவை துடைத்து, அவர் காதில் மாட்டிவிட்டாள். மெலிந்து போன விரல்கள். மோதிரம் தளர்ந்து, நூல் சுற்றியிருந்தது. பிறகு அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்து, தாளின் உச்சியில், அவளால் படிக்க முடியாத அவள் பெயருக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். சரியான இடத்தில்தான் வைத்தாள்.

"மூணு வாரமா நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். உங்களுக்கு வாய் வரல. தப்பில்ல மாமா. ஆனா நாளைக்கு அந்த டாக்டர் புள்ள முன்னாடி நான் ஒண்ணும் தெரியாதவளா போயி உக்காரக் கூடாது."

அவர் தலை குனிந்திருந்தது. தாளின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. அவர் கைமேல் இருந்த தன் கையையும் எடுக்கவில்லை.

"உன் பேருக்கு ஒரு காகிதம் வரட்டும்னு சொன்னீங்க. வந்துடுச்சு. உள்ளது உள்ளபடி, வரி வரியா, எனக்குப் படிச்சுக் காட்டுங்க மாமா."